28 எழுத்துக் கவிதை... சரிந்த பங்குகள்! சீனாவில் பழங்கவிதைகளுக்கு ஏன் இன்றும் இவ்வளவு பவர்?

2021 மே மாதம். சீனாவின் பிரபல உணவு டெலிவரி நிறுவனமான மெய்துவானின் நிறுவனர் வாங் ஷிங், சமூக வலைதளத்தில் ஒரு கவிதையைப் பகிர்ந்தார். அவர் எழுதியது இல்லை. ஆயிரம் வருஷத்துக்கும் முந்தைய கவிதை. மொத்தமே 28 எழுத்துதான்.

அடுத்து நடந்ததுதான் பெரிய செய்தி. மே 10-ம் தேதி ஹாங்காங் பங்குச்சந்தையில் மெய்துவான் பங்கு சுமார் 7 சதவீதம் சரிந்தது. மறுநாளும் சரிவு. 2 நாட்களில் நிறுவனத்தின் சந்தை மதிப்பில் 2,000 கோடி டாலருக்கும் மேல் காணாமல் போனது.

ஒரு பழைய கவிதைக்கா இவ்வளவு? சீனாவில் கவிதைக்கும் அரசியலுக்கும் என்ன தொடர்பு? அந்தக் கவிதைகள் இன்றும் ஏன் உயிரோடு இருக்கின்றன? விரிவாகப் பார்க்கலாம்.

அந்தக் கவிதையில் அப்படி என்ன இருக்கு?

வாங் ஷிங் பகிர்ந்தது தாங் வம்சத்தின் கடைசிக் காலத்தில் வாழ்ந்த சாங் ஜீ என்ற கவிஞரின் கவிதை. 'புத்தகம் எரித்த குழி' என்பது அதன் பெயர். அதைப் புரிந்துகொள்ள கொஞ்சம் வரலாறு தெரிய வேண்டும்.

கி.மு. 221-ல் சீனாவை முதன்முதலாக ஒரே பேரரசாக ஒன்றிணைத்தவர் சின் ஷி ஹுவாங். மண்ணுக்குள் நிற்கும் களிமண் படைவீரர்கள் சிலைகள் நினைவிருக்கிறதா? அந்தச் சமாதி இவருடையதுதான். கி.மு. 213-ல், அமைச்சர் லி ஸுவின் யோசனையின்படி, பழைய கவிதை நூல்களையும் வரலாற்று நூல்களையும் எரிக்க உத்தரவிட்டார். மருத்துவம், விவசாயம், ஜோதிடம் போன்ற நூல்களுக்கு மட்டும் விலக்கு.

அந்த உத்தரவில் இன்னொரு பகுதியும் இருந்தது. பழங்காலத்தைக் காட்டி இன்றைய ஆட்சியைக் குறை சொல்பவர்களுக்கு, குடும்பத்தோடு மரண தண்டனை. இந்த இடத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க. இந்தக் கட்டுரை முழுக்க இது திரும்பத் திரும்ப வரும்.

புத்தகங்களை எரித்தால் எதிர்ப்பு அடங்கிவிடும் என்று பேரரசர் நினைத்தார். கி.மு. 210-ல் அவர் இறந்தார். அடுத்த ஆண்டே கலகம் வெடித்தது. தொடங்கியவர்கள் கட்டாயப் பணிக்கு இழுத்துச் செல்லப்பட்ட விவசாயிகள். கி.மு. 206-க்குள் சின் ஆட்சி முடிந்தது. கலகக்காரர்களில் ஒருவரான லியூ பாங், சாதாரணக் குடும்பத்தில் பிறந்தவர், அடுத்த வம்சத்தையே நிறுவினார். அவர்கள் யாரும் புத்தகப் புழுக்கள் இல்லை. சாங் ஜீயின் கவிதை கிண்டலாகச் சுட்டிக்காட்டுவதும் அதைத்தான்: பேரரசர் பயந்தது படித்தவர்களுக்கு, ஆட்சியைக் கவிழ்த்தது படிக்காதவர்கள்.

இப்போ 2021-க்கு வருவோம். அலிபாபா நிறுவனத்துக்கு அந்த ஆண்டு ஏப்ரலில்தான் 1,820 கோடி யுவான் அபராதம் விதிக்கப்பட்டிருந்தது. அதே மாதக் கடைசியில் மெய்துவான் மீதும் ஏகபோக விசாரணை தொடங்கியது. அந்த நேரத்தில், அதிகாரத்தைக் கிண்டல் செய்யும் ஒரு கவிதையை அந்த நிறுவனத்தின் தலைவரே பகிர்ந்தால் மக்கள் எப்படிப் படிப்பார்கள்? 'அரசாங்கத்தைச் சொல்கிறாரோ?' என்ற பேச்சு கிளம்பியது. கவிதையை நீக்கிய வாங் ஷிங், தொழில் போட்டியாளர்களை மனதில் வைத்துதான் பகிர்ந்ததாக விளக்கம் கொடுத்தார். நாம் எதிர்பார்க்காத இடத்திலிருந்துதான் ஆபத்தான போட்டி வரும் என்பதே தன் கருத்து என்றார்.

பங்குச் சரிவுக்குக் கவிதை மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. விசாரணை பற்றிய பயம் ஏற்கெனவே இருந்தது. ஆனால் 28 எழுத்தைப் பார்த்து முதலீட்டாளர்கள் பதறினார்கள் என்றால், அதற்குப் பின்னால் 2,000 ஆண்டுப் பழக்கம் இருக்கிறது.

ஜாடையாகப் பேசும் கலை

நேரடியாகச் சொல்ல முடியாததை ஜாடை மாடையாகச் சொல்வது நமக்கும் தெரிந்ததுதான். சீன மொழியில் இதற்கென்றே ஒரு மரபுத்தொடர் உண்டு: முசுக்கொட்டை மரத்தைக் காட்டி வேறொரு மரத்தைத் திட்டுவது. சீனக் கவிதையில் இது ஒரு கலையாகவே வளர்ந்தது.

இதன் வேர் சீனாவின் மிகப் பழைய கவிதைத் தொகுப்பான 'ஷி ஜிங்'கில் இருக்கிறது. மொத்தம் 305 பாடல்கள். காதல், அறுவடை, போர், வரிக்கொடுமை என எல்லாம் அதில் உண்டு. கன்ஃபூசியஸ்தான் இதைத் தொகுத்தார் என்பது மரபான நம்பிக்கை. மக்கள் என்ன நினைக்கிறார்கள் என்று தெரிந்துகொள்ள அரசு அதிகாரிகள் ஊர் ஊராகப் பாடல்களைச் சேகரித்தார்கள் என்றும் பிற்கால அறிஞர்கள் எழுதினார்கள்.

பின்னர் ஹான் வம்ச காலத்தில் இந்தத் தொகுப்புக்கு ஒரு முன்னுரை வழக்கத்துக்கு வந்தது. அதில் ஒரு கொள்கை இருந்தது. கீழே இருப்பவர்கள் கவிதை வழியாக மேலே இருப்பவர்களை விமர்சிக்கலாம், அப்படிச் சொல்பவர் மீது குற்றமில்லை, கேட்பவர் அதை எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ள வேண்டும். சிம்பிளா சொன்னா, கவிதைக்கு ஒரு 'பாதுகாப்புக் கவசம்'. ஏட்டில் மட்டும். நடைமுறையில் என்ன நடந்தது என்பதைப் பிறகு பார்ப்போம்.

சீன மொழியின் அமைப்பும் இதற்குக் கைகொடுத்தது. பழங்கவிதைகளில் வினைச்சொல்லுக்குக் காலம் கிடையாது. 'வந்தான், வருகிறான், வருவான்' எல்லாவற்றுக்கும் ஒரே எழுத்துதான். பல வரிகளில் 'யார்' என்ற எழுவாயும் இருக்காது. ஆக, யார் செய்தார், எப்போது செய்தார் என்பதைப் படிப்பவரே ஊகிக்க வேண்டும். பழைய மன்னரைப் பற்றிய கவிதை இன்றைய ஆட்சியாளரைப் பற்றியதாகவும் தெரியும். கேட்டால், 'நான் வரலாற்றைத்தான் சொன்னேன்' என்று தப்பித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று, எழுத்து. சீன உச்சரிப்பு நூற்றாண்டுகளில் நிறைய மாறிவிட்டது. ஆனால் எழுத்து ஒலியை விடப் பொருளைச் சார்ந்து நிற்பதால், 1,300 ஆண்டுக்கு முந்தைய கவிதையை இன்றைய பள்ளி மாணவரும் கண்ணால் பார்த்துப் படிக்க முடிகிறது. பழைய சொற்களுக்கு விளக்கம் தேவைப்படலாம், ஆனால் எழுத்து அந்நியமாக இருக்காது. அவர் தன் ஊர் உச்சரிப்பில் படிப்பார், அவ்ளோதான்.

கவிதை எழுதினால்தான் அரசு வேலை!

சீனக் கவிதையின் பொற்காலம் என்றால் அது தாங் வம்ச காலம், அதாவது கி.பி. 618 முதல் 907 வரை. 1705-ல் பேரரசர் காங்ஷியின் உத்தரவில் தாங் காலக் கவிதைகளைத் தொகுத்தபோது, 2,200-க்கும் மேற்பட்ட கவிஞர்களின் சுமார் 49,000 கவிதைகள் கிடைத்தன. காலப்போக்கில் அழிந்தவை போக மிஞ்சியவை இவை.

ஏன் இத்தனை பேர் எழுதினார்கள்? ஒரு முக்கியக் காரணம், தேர்வு. அரசு அதிகாரி ஆக வேண்டுமானால் தேர்வு எழுத வேண்டும். அதில் மிக உயர்ந்ததான 'ஜின்ஷி' தேர்வில் கவிதை எழுதுவதும் ஒரு பகுதி. கொடுத்த தலைப்பில், கொடுத்த எதுகையில், இலக்கணம் தவறாமல் எழுத வேண்டும். நம்ம யு.பி.எஸ்.சி. தேர்வில் கட்டுரைத் தாளுக்குப் பதில் கவிதைத் தாள் இருப்பதாகக் கற்பனை செய்து பாருங்கள்!

இந்தத் தேர்வு முறை 1905-ல்தான் ஒழிக்கப்பட்டது. இடையில் சில காலம் கவிதைக் கேள்வி நீக்கப்பட்டதும் உண்டு. 1757-ல் சிங் ஆட்சி அதை மீண்டும் சேர்த்தது. (சின் வேறு, சிங் வேறு. சின் என்பது முதல் பேரரசு, சிங் என்பது 1912-ல் முடிந்த கடைசி வம்சம்.)

இதன் விளைவு என்ன? வரி வசூலிப்பவர், நீதிபதி, படைக்கு ஆள் சேர்ப்பவர் என நாட்டை நிர்வகித்த பலரும் கவிதை எழுதப் பயிற்சி பெற்றவர்கள். நண்பரை வழியனுப்பினால் கவிதை, பதவி போனால் கவிதை, வெள்ளம் வந்தால் கவிதை. அரசாங்கத்தின் உள்ளே இருந்தவர்களே அரசாங்கத்தைப் பற்றி எழுதினார்கள். சீனக் கவிதையில் அரசியல் கலந்தது இப்படித்தான்.

லி பாய், து ஃபூ: ஒரு போர், இரண்டு கவிஞர்கள்

தாங் காலத்தின் இரண்டு சூப்பர் ஸ்டார்கள் லி பாய் (701-762), து ஃபூ (712-770). இருவரும் 744-ல் சந்தித்து நண்பர்களானவர்கள். குணத்தில் ரெண்டு பேரும் ரெண்டு துருவம்.

லி பாய், மது, நிலா, மலை, பயணம் என்று பாடியவர். தேர்வே எழுதாதவர். புகழால் அரண்மனைக்கு அழைக்கப்பட்டு, அங்கே நிலைக்காமல் வெளியேறியவர். நிலாவின் நிழலைத் தண்ணீரில் பிடிக்கப் போய் மூழ்கி இறந்தார் என்று ஒரு கதை உண்டு. அது கதைதான், வரலாறு இல்லை.

து ஃபூ தேர்வில் தோற்றவர். சின்ன வேலைக்காகத் தலைநகர் சாங்ஆனில் பல ஆண்டுகள் அலைந்தவர். 755-ன் இறுதியில் குடும்பத்தைப் பார்க்கப் போனபோது, தன் சின்னஞ்சிறு மகன் பட்டினியால் இறந்துவிட்டதை அறிந்தார். அந்தப் பயணத்தைப் பற்றி அவர் எழுதிய நீண்ட கவிதை, சொந்தச் சோகத்தோடு நிற்கவில்லை. 'வரி விலக்கு உள்ள அதிகாரி வீட்டிலேயே இந்த நிலை என்றால், நிலமில்லாதவர்கள் என்ன ஆவார்கள்?' என்ற திசையில் போகிறது.

அதே ஆண்டு அன் லுஷான் என்ற தளபதி கலகம் செய்தார். 8 ஆண்டுப் போர். கலகத்துக்கு முன் அரசுப் பதிவேட்டில் இருந்த மக்கள்தொகை சுமார் 5.29 கோடி. 764-ல் பதிவானது சுமார் 1.69 கோடி. இத்தனை பேரும் இறந்துவிடவில்லை. பலர் ஊரை விட்டு ஓடினார்கள், பல பகுதிகள் அரசின் கையை விட்டுப் போயின, கணக்கெடுக்கும் நிர்வாகமே நொறுங்கிப் போனது. ஆனாலும் பேரழிவின் அளவை அந்த எண் காட்டுகிறது.

போருக்கு ஆள் பிடிக்க இரவில் வரும் அதிகாரி, மகன்களை இழந்த கிழவி, கல்யாணமான மறுநாளே கணவனைப் போருக்கு அனுப்பும் பெண். 759-ல் து ஃபூ எழுதிய 6 கவிதைகள் இவர்களைப் பற்றியவை. அவற்றில் பேரரசரைத் திட்டும் வார்த்தைகள் இல்லை. நடந்ததைச் சொல்கிறார், அவ்வளவுதான். ஆனால் படிப்பவருக்குக் கோபம் வருகிறது. பின்னாளில் அவருடைய எழுத்துக்கு 'கவிதை வரலாறு' என்றே பெயர் வந்தது.

அடுத்த தலைமுறையில் பாய் ஜூயி (772-846) இதை இன்னும் வெளிப்படையாகச் செய்தார். கரி விற்கும் ஏழைக் கிழவரிடம் அரண்மனை ஆட்கள் வண்டியோடு கரியைப் பறித்துக்கொள்ளும் அவரது கவிதை, இன்றும் சீனப் பள்ளிப் பாடம்.

கவிதைக்காக ஜெயில்

'கவிதை வழியாகச் சொன்னால் குற்றமில்லை' என்ற கொள்கை எவ்வளவு தூரம் வேலை செய்தது? 1079-ல் ஒரு வழக்கு இதற்குப் பதில் சொல்கிறது.

சூ ஷி, சோங் வம்ச காலத்தின் மிகப் பெரிய கவிஞர், அரசு அதிகாரி. அப்போது அமலான புதிய பொருளாதாரத் திட்டங்கள் கிராமத்து மக்களை வாட்டுவதாக நினைத்தவர். அந்த எண்ணம் அவர் கவிதைகளில் ஜாடையாக வந்தது. எதிரணியினர் அந்தக் கவிதைகளையே எடுத்து, இந்த உவமை எதைக் குறிக்கிறது, இந்த வரி யாரைக் கிண்டல் செய்கிறது என்று ஒவ்வொன்றாகக் குற்றச்சாட்டு எழுதினார்கள். 100 நாட்களுக்கும் மேல் சிறை. பிறகு உயிர் தப்பி, ஹுவாங்ஜோ என்ற சிறு ஊருக்கு அனுப்பப்பட்டார்.

அங்கே வருமானம் போதாமல் நிலத்தில் இறங்கி விவசாயம் செய்தார். ஊருக்குக் கிழக்கே இருந்த அந்தச் சரிவு நிலத்தின் பெயரில் 'தொங்போ', அதாவது கிழக்குச் சரிவு என்று தனக்குப் பெயர் வைத்துக்கொண்டார். அவருடைய மிகச் சிறந்த படைப்புகள் சில அங்கேதான் பிறந்தன. சீன ஹோட்டல்களில் இன்று கிடைக்கும் 'தொங்போ' பன்றி இறைச்சி உணவும் இவர் பெயரால்தான்.

1101-ல் அவர் இறந்த பிறகு, அவருடைய நூல்களின் அச்சுப் பலகைகளை அழிக்க அரசு உத்தரவிட்டது. ஆனால் மக்கள் பிரதிகளைப் பத்திரமாக வைத்திருந்தார்கள். 1170-ல் அதே வம்சத்தின் இன்னொரு பேரரசர் அவருக்கு மரணத்துக்குப் பிந்தைய பட்டம் கொடுத்துக் கௌரவித்தார். தடை செய்த வம்சமே தலையில் தூக்கி வைத்துக்கொண்டது!

எழுத்தில் உள்ளர்த்தம் தேடித் தண்டிக்கும் இந்த வழக்கத்துக்குச் சீனாவில் 'எழுத்துச் சிறை' என்றே பெயர். 18-ம் நூற்றாண்டில் சிங் பேரரசர்கள் காலத்தில் இது உச்சத்துக்குப் போனது.

20-ம் நூற்றாண்டிலும் இது தொடர்ந்தது. வூ ஹான் என்ற வரலாற்று அறிஞர், மன்னரையே தட்டிக்கேட்ட 16-ம் நூற்றாண்டு அதிகாரி ஹாய் ருயியைப் பற்றி ஒரு நாடகம் எழுதினார். 1965 நவம்பரில் அந்த நாடகத்தைத் தாக்கி ஒரு கட்டுரை வெளியானது. பழைய கதையைச் சொல்லி மாவோவின் ஆட்சியை விமர்சிக்கிறார் என்ற குற்றச்சாட்டு வலுத்தது. கலாச்சாரப் புரட்சியின் தொடக்கப் புள்ளிகளில் ஒன்று அந்தக் கட்டுரை. வூ ஹான் 1969-ல் சிறையில் இறந்தார்.

கி.மு. 213 உத்தரவு ஞாபகம் இருக்கா? பழையதைச் சொல்லி இன்றைய ஆட்சியைக் குறை சொல்லக் கூடாது. 2,000 ஆண்டுக்குப் பிறகும் அதே குற்றச்சாட்டு.

1976: சதுக்கத்தில் ஒட்டப்பட்ட கவிதைகள்

1976 ஜனவரியில் பிரதமர் சோ என்லாய் காலமானார். ஏப்ரலில் முன்னோர்களுக்கு அஞ்சலி செலுத்தும் சிங்மிங் நாள் வந்தது. பெய்ஜிங்கின் தியானன்மென் சதுக்கத்தில் மக்கள் குவிந்தார்கள். மலர்வளையங்களோடு கவிதைகளையும் கொண்டுவந்தார்கள். நினைவுத் தூணில், மலர்வளையங்களில் என எங்கும் கையால் எழுதிய கவிதைகள். ஒருவர் உரக்கப் படிக்க, சுற்றி நின்றவர்கள் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

மேலோட்டமாகப் பார்த்தால் அவை அஞ்சலிக் கவிதைகள். உண்மையில் அப்போது அதிகாரத்தில் இருந்தவர்கள் மீதான கோபம். சில கவிதைகளில் சின் ஷி ஹுவாங்கின் பெயரும் வந்தது. அது யாரைக் குறிக்கிறது என்று அங்கிருந்த எல்லோருக்கும் தெரியும். அரசு இரவோடு இரவாக மலர்வளையங்களை அகற்றியது. ஏப்ரல் 5-ல் மோதல் வெடித்தது. இது 'எதிர்ப்புரட்சி' என அறிவிக்கப்பட்டது.

மாவோ அதே ஆண்டு செப்டம்பரில் இறந்தார். 1978 நவம்பரில் அந்தத் தீர்ப்பு மாற்றப்பட்டது. மக்கள் செய்தது புரட்சிகரமான செயல்தான் என்று அறிவித்தார்கள். சதுக்கத்துக் கவிதைகள் புத்தகமாகவும் வந்தன.

ஆட்சியாளர்களுக்கும் கவிதை வேணும்!

கவிதை எதிர்ப்பாளர்களின் ஆயுதம் மட்டும் என்று நினைத்தால் பாதிக் கதைதான் தெரியும். மாவோவே பழைய யாப்பில் கவிதை எழுதியவர். 1972-ல் அமெரிக்க அதிபர் நிக்சன் பெய்ஜிங் வந்தபோது, விருந்தில் மாவோவின் கவிதையிலிருந்து மேற்கோள் காட்டித்தான் பேசினார்.

இன்றைய அதிபர் ஷி ஜின்பிங் தன் உரைகளில் பழைய நூல்களிலிருந்து மேற்கோள் காட்டுவதற்குப் பெயர் பெற்றவர். அந்த மேற்கோள்களைத் தொகுத்து, விளக்கத்தோடு ஒரு புத்தகமே 2015-ல் வெளியானது. பாடப் புத்தகங்களிலிருந்து பழங்கவிதைகளை எடுப்பது தனக்குப் பிடிக்கவில்லை என்று 2014-ல் வெளிப்படையாகச் சொன்னார். பழைய இலக்கியம் என்பது தேசப் பெருமை, அதை அரசு பயன்படுத்துகிறது.

9 ஆண்டுக் கட்டாயக் கல்வியில் மனப்பாடம் செய்யப் பரிந்துரைக்கப்படும் பழங்கவிதை, உரைநடைப் பகுதிகள் மட்டும் 130-க்கும் மேல். பல்கலைக்கழக நுழைவுத் தேர்வான 'காவ்காவ்'வில், பழைய வரிகளை நினைவிலிருந்து எழுதும் கேள்வி வருகிறது. எழுத்து தவறினால் மதிப்பெண் போச்சு. 2024-ல் இந்தத் தேர்வுக்குப் பதிவு செய்தவர்கள் 1.34 கோடி பேர்.

இங்கேதான் முரண்பாடு. எல்லாக் குழந்தைகளுக்கும் து ஃபூவையும் பாய் ஜூயியையும் சொல்லிக்கொடுப்பது அரசுதான். அதிகாரத்தை எப்படி ஜாடையாகக் கேள்வி கேட்பது என்ற பாடமும் அதோடு சேர்ந்தே போய்விடுகிறது. பொதுமக்கள் கோடிக்கணக்கில் ஒரே கவிதைகளை மனப்பாடம் செய்திருப்பதால்தான், 28 எழுத்தைப் பார்த்ததும் முழுக் கதையும் எல்லோருக்கும் புரிகிறது.

எல்லை தாண்டிய செல்வாக்கு

சீனக் கவிதையின் தாக்கம் சீனாவோடு நிற்கவில்லை.

ஜப்பான்: 11-ம் நூற்றாண்டில் முரசாகி ஷிகிபு எழுதிய 'கெஞ்சியின் கதை'யின் முதல் அத்தியாயமே பாய் ஜூயியின் கவிதையை நினைவுபடுத்தும். ஜப்பானில் ஒவ்வொரு பேரரசர் காலத்துக்கும் ஒரு யுகப் பெயர் உண்டு. அது சீனப் பழநூல்களிலிருந்து எடுப்பதே வழக்கம். 2019-ல் அறிவிக்கப்பட்ட 'ரெய்வா'தான் ஜப்பானிய நூலிலிருந்து எடுக்கப்பட்ட முதல் பெயர்.

கொரியா, வியட்நாம்: இங்கும் சீன எழுத்தில் அரசுப் பணித் தேர்வுகள் நடந்தன. கொரியாவில் 1894 வரை, வியட்நாமில் 1919 வரை. பேச்சு மொழி வேறாக இருந்தாலும், இந்த நாடுகளின் அறிஞர்கள் சந்தித்தால் பேனாவும் தாளும் எடுத்துச் சீன எழுத்திலேயே பேசிக்கொள்ள முடிந்தது.

மேற்கு நாடுகள்: ஆஸ்திரிய இசையமைப்பாளர் மாலர், தாங் கவிதைகளின் ஜெர்மன் வடிவங்களை வைத்து 'பூமியின் பாடல்' என்ற இசைப் படைப்பை உருவாக்கினார். எஸ்ரா பவுண்ட் 1915-ல் வெளியிட்ட 'கத்தே' என்ற தொகுப்பு பெரும்பாலும் லி பாயின் கவிதைகளை ஆங்கிலத்தில் தந்தது. நவீன ஆங்கிலக் கவிதையின் நடையையே மாற்றிய நூல்களில் அதுவும் ஒன்று.

இந்தத் தொடர்பு இன்றும் உயிரோடு இருக்கிறது. 2020 தொடக்கத்தில் கொரோனாவால் ஹூபே மாகாணம் தவித்தபோது, ஜப்பானிலிருந்து வந்த மாஸ்க் பெட்டிகளில் ஒரு பழைய கவிதை வரி ஒட்டப்பட்டிருந்தது. 8-ம் நூற்றாண்டில் ஜப்பானிய இளவரசர் நாகயா சீன மொழியில் எழுதியது அது. சீனத் துறவிகளுக்கு அனுப்பிய அங்கிகளில் அதைப் பின்னியிருந்தார்கள். அந்த வரிதான் ஜியான்ஜென் என்ற துறவியை ஜப்பான் போகத் தூண்டியது என்கிறது மரபு. 5 முறை முயன்று தோற்று, கண்பார்வையும் இழந்து, 753-ல் அவர் ஜப்பான் போய்ச் சேர்ந்தார். அந்தப் பெட்டியின் படம் சீன சமூக வலைதளங்களில் வைரலானது. விளக்கவுரை தேவைப்படவில்லை.

2கே கிட்ஸுக்கும் பிடிக்குமா?

பிடிக்கும். சில உதாரணங்கள்:

• சீன அரசுத் தொலைக்காட்சியின் 'சீனக் கவிதை மாநாடு' என்ற வினாடி வினா நிகழ்ச்சி 2016-ல் தொடங்கியது. 2017-ல் சாம்பியன் ஆனது 16 வயது பள்ளி மாணவி.

• 2018-ல் சாம்பியன் ஆனவர் ஹாங்ஜோ நகரத்தில் உணவு டெலிவரி செய்யும் ஊழியர். ஆர்டருக்குக் காத்திருக்கும் நேரத்தில் கவிதைகளை மனப்பாடம் செய்தவர். இறுதிப் போட்டியில் அவர் வீழ்த்தியது பீகிங் பல்கலைக்கழகத்தில் முதுகலை படித்தவரை.

• 2023-ல் வெளியான 'சாங்ஆன்' அனிமேஷன் படம் லி பாய், அவர் நண்பர் காவ் ஷி ஆகியோரின் கதை. கிட்டத்தட்ட 2 மணி 48 நிமிடம் ஓடும் படம் 180 கோடி யுவானுக்கும் மேல் வசூலித்தது. தியேட்டரில் குழந்தைகள் திரையோடு சேர்ந்து கவிதை சொன்னார்கள்.

• சூ ஷி 1076-ல் நிலாத் திருவிழா இரவில் தன் தம்பியை நினைத்து எழுதிய பாடலை, பாப் பாடகி தெரேசா தெங் 1983-ல் பாடினார். இன்றும் திருவிழா நாளில் ஒலிக்கும் பாட்டு அது.

செவ்வாய்க் கிரகத்தில் ஒரு கவிஞர்

கடைசியாக ஒரு தகவல். மெய்துவான் பங்குகள் சரிந்த அதே வாரத்தில், 2021 மே 15-ல், சீனாவின் விண்கலம் முதல்முறையாகச் செவ்வாய்க் கிரகத்தில் தரையிறங்கியது. அந்தத் திட்டத்தின் பெயர் 'தியான்வென்-1'. தியான்வென் என்றால் 'வானத்திடம் கேள்விகள்'. அதுவும் ஒரு கவிதையின் பெயர்தான்! வானம் எப்படித் தோன்றியது, பழைய மன்னர்கள் ஏன் வீழ்ந்தார்கள் என 170-க்கும் மேற்பட்ட கேள்விகளை அடுக்கும் 2,000 ஆண்டுக்கும் முந்தைய கவிதை.

அதை எழுதியவராகச் சொல்லப்படும் ச்சூ யுவான், சூ நாட்டின் அமைச்சர். சின் நாட்டை நம்ப வேண்டாம் என்று மன்னரை எச்சரித்தவர். மன்னர் கேட்கவில்லை. பொறாமைக்காரர்களின் பேச்சைக் கேட்டு அவரை விரட்டினார்கள். கி.மு. 278-ல் தலைநகரை சின் படை கைப்பற்ற, ச்சூ யுவான் மிலுவோ ஆற்றில் குதித்து உயிர்விட்டார் என்பது மரபு. அவர் நினைவாகத்தான் டிராகன் படகுப் போட்டி நடப்பதாகவும், இலையில் சுற்றி அவித்த ஒட்டரிசி உணவு சாப்பிடுவதாகவும் மக்கள் சொல்வார்கள். 2008 முதல் அந்தத் திருவிழா சீனாவில் அரசு விடுமுறை. 2025 மே மாதம் ஒரு சிறுகோளை நோக்கிக் கிளம்பிய கலத்துக்கும் 'தியான்வென்-2' என்றே பெயர்.

அரசவையிலிருந்து துரத்தப்பட்டவரின் கவிதைப் பெயர் இன்று அரசின் விண்கலத்தில். அதே வாரத்தில் இன்னொரு பழங்கவிதை, பகிர்ந்தவராலேயே நீக்கப்பட்ட நிலையில். சீனாவில் கவிதையின் இடம் இதுதான். அதிகாரத்துக்கு அது பெருமை, அதே நேரத்தில் பயமும் கூட.

ஆக, அடுத்த முறை சீனாவில் யாரோ ஒரு பழைய கவிதையைப் பகிர்ந்தார் என்று செய்தி வந்தால், ஸ்க்ரோல் பண்ணிப் போய்விடாதீர்கள். மூன்று விஷயம் கவனியுங்கள். பகிர்ந்தவர் யார்? அவருக்கு இப்போது என்ன பிரச்சினை? கவிதையில் வரும் பழைய மன்னர் யார்? பாதிச் செய்தி அதிலேயே இருக்கும்.